நாலால் வகுத்த மீதி

எங்கள் வகுப்பில் கண்டிப்பான விதி ஒன்றுதான் இருந்தது. விளக்கிச் சொல்ல முடியாத வரி உங்கள் வரி இல்லை. சார் அதை முதல் நாளே பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கடைசி மாதத்தில் ஒவ்வொருவரும் தாங்கள் எழுதிய புரோகிராமைச் சுவரில் காட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். ஒரு வரிக்குப் பதில் இல்லையென்றாலும் அந்த வேலை கணக்கில் சேராது.

எனக்கு முந்தின வாரம் இரண்டு பேர் அப்படி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் என்ஜினியரிங் படித்தவன். போனில் கேட்டு வாங்கிய புரோகிராமைக் கொண்டுவந்திருந்தான். நடுவில் ஒரு வரியைக் காட்டி இது எதற்கு என்று கேட்டதும் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஞாயிறு என் முறை.

தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் வகுப்பு நடந்தது. ஞாயிறு காலை மட்டும்தான். கட்டணம் கிடையாது. சொல்லிக்கொடுத்தவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெங்களூர் வேலையை ஊரிலிருந்தே பார்க்கிறவர். நாங்கள் பதினெட்டுப் பேர். பதினேழு பேர் கல்லூரியை முடித்தவர்கள், இல்லையென்றால் முடிக்கப் போகிறவர்கள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வயது நாற்பத்தெட்டு.

குற்றாலம் ரோட்டில் இருக்கும் ஒரு மர மில்லில் நான் அளவு பார்க்கிறவன். விவசாயிகள் விற்கும் மரத்தை அவர்கள் தோட்டத்துக்கே போய் அளப்பதும் உண்டு. வெட்டிய மரத்தடியின் நடுவில் டேப்பைச் சுற்றி அங்குலத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். அதை நாலால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தின் அடியால் பெருக்கி, நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் கன அடி. எனக்கு முன்னால் அளவு பார்த்தவரிடம் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகினேன். காகிதம் வேண்டாம், வாயாலேயே சொல்லிவிடுவேன். பக்கத்தில் ஓர் ஆள் நோட்டில் எழுதிக்கொள்வான். இருபத்தைந்து வருடமாக இதுதான் வேலை.

தடியைப் புரட்டிப் புரட்டி என் வலது தோள் போய்விட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்கினால் கண்ணில் நீர் வரும். அந்தச் சமயத்தில்தான் முதலாளி அலுவலக அறைக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் யாரும் ஒன்றும் செய்யவில்லை, மரத்தூள் படிந்து கிடந்தது. தென்காசியில் இப்படி ஒரு வகுப்பு நடக்கிறது என்று அவர்தான் கேள்விப்பட்டு வந்தார்.

"அளவு பூராத்தையும் இதுல ஏத்துத மாதிரி படிச்சுட்டு வா. அப்புறம் நீ உள்ள உக்காந்துக்கலாம், தடியப் பெரட்ட வேண்டாம்" என்றார்.

உள்ளே உட்காருவது என்றால் நாற்காலி, மின்விசிறி. தோளுக்கு இனி வேலை இல்லை. நான் போனேன்.

இங்கிலீஷ் எழுத்துகளை லாரி நம்பர்களிலும், தடிகளின் வெட்டுமுகத்தில் அடித்திருக்கும் முத்திரைகளிலும் பார்த்துப் பழகியிருந்தேன். பெரிய எழுத்துகள் மட்டும்தான் தெரியும். புரோகிராம் எழுத இருபது முப்பது இங்கிலீஷ் வார்த்தை போதும் என்று சார் சொன்னார். எண்களுக்கு நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம் என்றும் காட்டினார். அன்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சுற்று என்று எழுதினேன். நீளம் என்று எழுதினேன். அது ஏற்றுக்கொண்டது.

என்னிடம் லேப்டாப் இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்தான் தன்னுடையதை இருவருக்கும் நடுவில் திருப்பி வைத்தாள். வாசுதேவநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், பி.எஸ்ஸி. முடித்திருந்தாள். வாய் கொஞ்சம் அதிகம். நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடும்போது, "அண்ணாச்சி, நீங்க தேடுததுக்குள்ள நான் ஊருக்குப் போயிச் சாப்பிட்டுட்டே வந்துருவேன்" என்பாள். ஆனால் என் கையை விலக்கிவிட்டுத் தானே அடித்ததில்லை. பிழை வந்தால் எந்த வரி என்று மட்டும் சொல்வாள், என்ன பிழை என்று சொல்ல மாட்டாள். நான் கண்டுபிடிக்கும் வரை நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பாள்.

மூன்று மாதத்தில் என் புரோகிராம் ஓடியது. அதன் உயிர் இரண்டு வரிதான்.

கால் = சுற்று / 4
கன_அடி = கால் * கால் * நீளம் / 144

விடை ஏற்கெனவே தெரிந்த பழைய கணக்கு ஒன்றைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று சார் எல்லோருக்கும் சொல்லியிருந்தார். நான் மில் நோட்டிலிருந்து நாற்பது தடிகளின் சுற்று, நீளம், கன அடி மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனேன். ஆள் பெயரோ ஊர் பெயரோ எழுதவில்லை. மரம் என்ன மரம் என்று மட்டும் இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றி ஓடவிட்டால் நாற்பதில் ஒன்பது மட்டும் சரியாக வந்தது. மீதி முப்பத்தொன்றும் நோட்டைவிடக் கூடுதல். ஒன்றுகூடக் குறைவு இல்லை.

அந்தப் பெண் இரண்டு தடிகளைக் கையாலேயே போட்டுப் பார்த்தாள்.

"புரோகிராம் சரியாத்தான் இருக்கு. உங்க நோட்டுதான் தப்பு" என்றாள்.

நோட்டு தப்பாக இருக்காது, அது நான் அளந்தது என்று சொன்னேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அந்த வாரம் மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் தடிகள் மேல் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள், காகிதத்தில் முதலாவதாக இருந்த வேப்பந்தடி எதிரே கிடக்க, அதை வழக்கம் போல வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சுற்று முப்பத்தொன்பது. முப்பத்தொன்பதில் நாலு, ஒன்பது. ஒன்பதொன்பது எண்பத்தொன்று. அங்கே நின்றுவிட்டேன். நாலொன்பது முப்பத்தாறுதான். மூன்று மிச்சம் இருக்கிறது. அந்த மூன்றை நான் என்ன செய்தேன்?

ஒன்றும் செய்யவில்லை. இருபத்தைந்து வருடமாக ஒன்றும் செய்யவில்லை. எனக்குச் சொல்லித்தந்தவர் அப்படித்தான் சொல்லித்தந்தார். மீதி வந்தால் விட்டுவிடு, வாயால் பெருக்க முழு எண்தான் வசதி. சுற்று முப்பத்தொன்பது என்று டேப்பில் இருப்பதை அப்படியே எழுதச் சொல்வோம். மரத்தை விற்கிறவரும் டேப்பைக் குனிந்து பார்த்துக்கொள்வார். அதற்கப்புறம் நான் கடகடவென்று வகுத்துப் பெருக்கிச் சொல்லும்போது யாரும் கூடவே கணக்குப் போட மாட்டார்கள். போட முடியாது, அவ்வளவு வேகம். அந்த வேகத்துக்காகத்தான் எனக்கு நல்ல பெயர்.

உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு வந்தது சந்தோஷம்தான். புரோகிராமை நோட்டோடு பொருத்தும் வழி கிடைத்துவிட்டது. பஸ்ஸில் ஒரு சீட்டுக்கு நாலு பேர் என்றால் முப்பத்தொன்பது பேருக்கு எத்தனை சீட் நிறையும் என்ற கணக்குக்கு, ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு சாய்கோடு போட்டால் மீதியைத் தள்ளிவிடும் என்று முன்பொரு வகுப்பில் அந்தப் பெண்தான் எனக்குப் புரியவைத்திருந்தாள். பென் டிரைவில் கொண்டுவந்து மில் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த என் வரியில் இன்னொரு கோடு சேர்த்தேன்.

கால் = சுற்று // 4

நாற்பதுக்கு நாற்பதும் நோட்டோடு ஒத்துப்போனது. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காகிதத்தில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். அன்று சாயங்காலம் டீக்கடையில் நம்ம ஆள் கம்ப்யூட்டருக்கே அளவு சொல்லிக்கொடுத்துவிட்டான் என்று வந்தவன் போனவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு, டீக்காக மாடிப்படியில் நின்றிருந்தோம். லேப்டாப்பை ஏன் இப்படித் துணியில் சுற்றிப் பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு அலைகிறாய் என்று யாரோ அவளைக் கேலி செய்தார்கள்.

"எங்கப்பா கெணத்து மேட்டுல நின்ன தேக்க வித்து வாங்கினது. பதினோரு மரம். ஒரு கீறல் விழுந்தாலும் எந்த மரத்துல விழுந்ததுன்னு கேப்பாரு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பங்குனி மாதம் வாசுதேவநல்லூருக்கு மேற்கே ஒரு கிணற்று மேட்டில் பதினோரு தேக்கை நான்தான் அளந்தேன். ஒல்லியான மனிதர் ஒருவர் டேப்பைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கூடவே நடந்தார். மோர் கொடுத்தார். என் காகிதத்தில் இருபத்தொன்று முதல் முப்பத்தொன்று வரை அந்த மரங்கள்தான். அந்தப் பதினொன்றில் மூன்றுதான் நாலால் மீதியில்லாமல் வகுபட்டவை. அந்தத் தடிகளில் விட்ட மீதிக்கான காசு என் விரல் பட்டுக்கொண்டிருந்த லேப்டாப்பில் சேரவில்லை. அது வேறு எங்கோ போயிருந்தது. எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மில்லில் பலகையாக அறுத்து விற்கும்போது நாங்கள் கால் அங்குலத்தைக்கூட விட்டதில்லை.

அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, என் காகிதத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அந்தக் கோட்டை எடுத்துவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். எடுத்தால் நோட்டோடு பொருந்தாது, முதலாளி கேட்பார். எடுக்காவிட்டால் வகுப்பில் விளக்க வேண்டும். அதை விளக்கினால் மில்லில் அந்த நாற்காலி எனக்கு இல்லை, ஒருவேளை மில்லே இல்லை. விளக்காவிட்டால், ஐந்தாம் வகுப்புக்காரன் யாரோ எழுதியதைக் கொண்டுவந்தான் என்று போகட்டும் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஆனால் அவள் அதை நம்ப மாட்டாள். நான் எழுதும்போது பக்கத்தில் இருந்தவள் அவள்.

அந்த ஞாயிறு நல்ல சாரல். சீசன் நேரம். குற்றாலத்திலிருந்து நான் ஏறிய பஸ்ஸில் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையுமாகக் கூட்டம். சட்டைப்பையில் இருந்த காகிதம் நனையாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டே வந்தேன். மாடி ஏறும்போதே சார் சொன்னார், வேலை செய்யும் இடத்துக்காக யாராவது எழுதியிருந்தால் அந்த இடத்துக்காரரையும் அழைத்திருக்கிறேன் என்று.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். மெயின் அருவியில் குளித்துவிட்டு நேரே வந்திருந்தார். தலை ஈரம், நெற்றியில் திருநீறு, தோளில் துண்டு. பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவனிடம், நிற்கிறானே அவன் நம் மில் ஆள் என்று சொன்னது எனக்குக் கேட்டது. முன்வரிசையில் அந்தப் பெண். அவளுடைய லேப்டாப்பிலிருந்துதான் என் புரோகிராம் சுவருக்குப் போக வேண்டும். மில் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு பென் டிரைவில் கொண்டுவந்திருந்தேன். அவளே அதை வாங்கிச் சொருகினாள். "பயப்படாதீங்க, நான்தான் முன்னால இருக்கேன்லா" என்று மெதுவாகச் சொன்னாள்.

சுவரில் என் எழுத்துகள் ஒரு முழம் உயரத்துக்குத் தெரிந்தன. நான் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். யாரோ, "சத்தமா" என்றார்கள். மறுபடியும் ஆரம்பித்தேன். தடிகளின் பட்டியல் இது. ஒவ்வொரு தடியாக எடுக்கச் சொல்வது இந்த வரி. சுற்று இது, நீளம் இது. அந்த வரி வந்தபோது, சுற்றை நாலால் வகுப்பது என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாக அடுத்த வரிக்குப் போனேன். கடைசி வரி வரை வந்துவிட்டேன். ஓடவிட்டுக் காட்டினேன். நாற்பதும் நோட்டோடு சரி. பின்னாலிருந்து முதலாளி ஒருமுறை கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

கேள்வி உண்டா என்று சார் கேட்டார். ஓர் ஆள் எழுந்து, வட்டத்துக்குப் பை வர வேண்டுமே, நாலால் வகுத்துப் பெருக்கினால் உண்மையான பரப்பு வராதே என்றான். இது எனக்குத் தெரிந்த கேள்வி. தடி உருண்டை, பலகை சதுரம். நாலு பக்கமும் சீவி எறிகிற வளைவு எவனுக்கும் பலகையாகாது, அதனால் அதைக் கழித்துத்தான் எல்லா ஊரிலும் இந்தக் கணக்கு. விற்கிறவருக்கும் இது தெரியும் என்று சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தான். முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒரு வரி" என்று அவள் கை தூக்கினாள். கேலியாகக் கேட்கவில்லை. எனக்கு இன்னொரு கைதட்டல் வாங்கித்தரத்தான் கேட்டாள் என்று இப்போதும் நினைக்கிறேன். "அந்த நாலால வகுக்குத எடத்துல அன்னைக்கு ஒரு கோடுதான இருந்தது அண்ணாச்சி? இப்ப ரெண்டு இருக்கு. ஏன் மாத்தினீங்கன்னு எல்லாருக்கும் சொல்லுங்க."

நான் அது மில் வழக்கம் என்றேன்.

வழக்கம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்குமே என்று சார் கேட்டார்.

வாயால் பெருக்கும்போது மீதி இல்லாமல் இருந்தால் சுலபம், அதனால் மீதியை விட்டுவிடுவோம் என்றேன். இது பொய் இல்லை. முதலாளியும் பின்னாலிருந்து, அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று எடுத்துக்கொடுத்தார். சார் சரி என்பதுபோலத் தன் நோட்டைப் பார்த்தார்.

அவள் உட்காரவில்லை. புருவத்தைச் சுருக்கிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது. பிழை இருக்கும் வரியை அவள் பார்க்கும் பார்வை அது.

"கம்ப்யூட்டருக்கு மீதியோட வகுக்குதது கஷ்டமா அண்ணாச்சி?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது, நான் பதில் சொல்லாததால். ஜன்னலில் சாரல் அடிக்கும் சத்தம் கேட்டது. கீழே ஜவுளிக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் சிரித்த முகமாகவே இருந்தார், ஆனால் வேண்டாம் என்று தலையை இம்மியளவு ஆட்டினார். அவளுக்கு அவர் தெரியவில்லை, அவர் அவளுக்குப் பின்னால். எனக்கு இருவரும் ஒரே நேர்கோட்டில் தெரிந்தார்கள்.

பேசாமல் நின்றாலே போதும். தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு சார் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். என் வாழ்க்கையில் பேசாமல் நின்று தப்பித்த இடங்கள் நிறைய உண்டு. ஆனால் அந்த வரி என்னுடையது. அதை நான்தான் எழுதினேன், இரண்டாவது கோட்டை எந்த விரலால் அடித்தேன் என்பதுகூட எனக்குத் தெரியும்.

"கஷ்டம் இல்ல" என்றேன்.

"அப்ப எதுக்கு?"

"மரம் விக்குதவங்களுக்குக் கன அடியக் கொறச்சுக் காட்டுததுக்கு."

நான் சரியாகத்தான் சொன்னேனா என்று சார் ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு கோட்டை எடுத்துவிட்டு ஓடவிடச் சொன்னார். அவள் லேப்டாப்பில் நானே குனிந்து எடுத்தேன். அந்த வேப்பந்தடி முதல் வரியில் இருந்தது. பத்தடி நீளம். ஐந்தரைக்குச் சற்று மேல் இருந்தது ஆறரையைத் தாண்டியது. அதன் கீழே எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. ஒன்பது மட்டும் அப்படியே நின்றன.

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி தரையில் உரசியது. முதலாளி எழுந்து, லோடு நிற்கிறது, மழை வேறு என்று யாரிடமோ பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். படியில் அவர் செருப்புச் சத்தம் கடைசி வரை கேட்டது. சார் என் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டார். என்னைப் பார்க்கவில்லை. அடுத்தவன் பெயரைக் கூப்பிட்டார்.

வகுப்பு முடிந்து படியில் இறங்கும்போது நான் அவளுக்காக நின்றேன். கேட்டால் சொல்லலாம் என்று இருந்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தெரியும். அதனால் அவள் அருகில் வந்ததும் உங்கள் கிணற்று மேட்டுத் தேக்கை நான்தான் அளந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் ஒரு படி மேலே நின்றாள்.

"எந்த வரி?"

"இருவத்தொண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு."

படியிலேயே உட்கார்ந்து துணியைப் பிரித்து லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு கோட்டில் வந்த எண்களை ஒரு பக்கமும், ஒரு கோட்டில் வந்ததை இன்னொரு பக்கமுமாகப் பதினொன்றையும் ஒரு காகிதத்தில் எழுதினாள். மற்றவர்கள் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். எழுதி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும்?"

அவளுடைய அப்பாவின் மரம் என்பது இரண்டு வாரமாகத் தெரியும் என்றேன்.

"ரெண்டு வாரமும் எம் பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க" என்றாள். அவ்வளவுதான். லேப்டாப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். சாரலில் குடை விரிக்காமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

திங்கட்கிழமை காலை முதலாளி அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"நேத்து நடந்தது நேத்தோட. அந்தக் கோட்டத் திரும்பப் போட்டுரு, இன்னைக்கிலேர்ந்து நீ இங்கனயே உக்காரு" என்றார்.

அவர் சொன்னது எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அன்று காலையில் சட்டை போடும்போதுகூட வீட்டுக்காரிதான் தோளைப் பிடித்து மாட்டிவிட்டிருந்தாள்.

"வேற ஆள வச்சுப் போட்டுக்கிடுங்க மொதலாளி. நான் போட்டா, கேக்கும்போது நான்தான் வெளக்கணும்" என்றேன்.

"எவம்லே கேக்கப் போறான்?"

கையில் இருந்த டேப்பைச் சுருட்டினேன். இருபத்தைந்து வருடத்தில் நான் அவரிடம் ஒரு வேலையை மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கும் அது புதிதாக இருந்திருக்க வேண்டும். பிறகு டேப்பை வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டு, மரம் அறுக்கும் வாளுக்குப் பின்னால் போய் நில் என்றார். அறுபட்டு வரும் பலகையை இழுத்து அடுக்குகிற வேலை. தோளுக்கு ஆகாத வேலை. அன்றிலிருந்து அங்கேதான் நிற்கிறேன். அளவுக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார். அவன் வாயால் சொல்கிறான். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்த ஒல்லி மனிதர் மில்லுக்கு வந்தார். சட்டைப்பையில் காகிதம் மடித்து வைத்திருந்தது வெளியே தெரிந்தது. முதலாளியோடு அறைக்குள் போனார், கதவைச் சாத்திக்கொண்டார்கள். வாள் ஓடும் சத்தத்தில் உள்ளே பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரம் இருக்கும். வெளியே வந்தவர் முகத்தில் கோபமா திருப்தியா என்று என்னால் சொல்ல முடியவில்லை. நேரே கேட்டுக்குப் போகாமல் மரத்தூளை மிதித்துக்கொண்டு என் பக்கம் வந்தார். நான் பலகையைக் கீழே வைத்தேன்.

"எம் மவ சொன்னா. நீருதான அன்னைக்கு அளந்தது?"

"ஆமா."

அவர் ஓடுகிற வாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டேப்பையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்" என்றார். "உம்ம வாயப் பாக்காம விட்டுட்டேன்."

கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்த் தென்காசி பஸ்ஸுக்குக் கை காட்டினார். நான் பலகையைத் தூக்கினேன்.